தீக்குச்சியும் உரசு பட்டையும்



புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லிய அன்றே நம் இல்லங்களில் இரு குரல்கள் எழுவதைக் கேட்டிருக்கிறோம். "உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதை ஏற்றிவிட்டால் நோய் தானாகவே போய்விடும்" என்பது ஒன்று. "இப்பொழுது புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறதாம், வீட்டை விற்றாவது போட்டுவிட வேண்டும்" என்பது மற்றொன்று. முன்னது லேகியத்தையும் பொடியையும் தேடி ஓடச் செய்கிறது. பின்னது வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுக்கச் செய்கிறது. இரண்டும் அன்பினின்று பிறப்பவையே. ஆகவே அவற்றை நகையாட நாம் துணியோம். ஆயினும் நோயாளியின் நாள்களையும் குடும்பத்தின் சேமிப்பையும் இவ்விரு குரல்களும் விழுங்கிவிடக்கூடும்.

புதிய மருந்துகள் வந்திருப்பது உண்மை. உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே அவை புற்றுநோயைத் தாக்குகின்றன என்பதும் உண்மை. ஆனால் அவை எதிர்ப்பாற்றலை ‘ஏற்றும்’ மருந்துகள் அல்ல. அப்படியானால் அவை என்னதான் செய்கின்றன? யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படா? விலை ஏன் இவ்வளவு? அதைக் குறைக்க வழியுண்டா? இவ்வினாக்களுக்கு விடை, நம் உயிரணுக்களின் மேற்புறத்தில் அமைந்த, கண்ணுக்குத் தோன்றாத சில நுண்ணிய உறுப்புகளில் அடங்கியிருக்கிறது. அறிவியலார் அவற்றை ‘ஏற்பிகள்’ என்பர். அவற்றைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம். வாசிக்கப் பொறுமை சற்று வேண்டியிருக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் வீடும் நிம்மதியும் இதனால் காக்கப்படக்கூடும் என்பதால் அப்பொறுமையைத் தயங்காமல் கேட்கிறோம்.

நம் ஊர் உவமை

சூலக்கரையைச் சுற்றி வாழும் நமக்கு இதை விளக்க அயல்நாட்டு உவமை எதுவும் தேவையில்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அன்று முதல் இம்மாவட்டத்தில் எத்தனை கைகள் குச்சி அடுக்கியிருக்கும், எத்தனை கைகள் பெட்டி ஒட்டியிருக்கும்! அக்கைகளுக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு. குச்சியின் முனையில் இருப்பது ஒரு மருந்து. அதில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்திருக்கும். பெட்டியின் பக்கத்தில் உள்ள உரசு பட்டையில் தடவியிருப்பது வேறு மருந்து. அதில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கும். இரண்டும் தனித்தனியே உள்ளவரை வெறுமனே கிடக்கும். ஒன்றோடொன்று உரசினால்தான் தீ பிறக்கும். இரண்டையும் ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள்? சட்டைப் பையிலும் சமையலறைப் பரணிலும் கிடக்கும் குச்சி தானே பற்றிக்கொண்டு வீட்டைக் கொளுத்திவிடக் கூடாது என்பதற்காகவே. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நம் உடலுக்குள் செல்வோம்.

காவலரும் அவர் அடையாளம் காணும் முறையும்

நம் இரத்தத்தில் செவ்வணுக்களோடு வெள்ளணுக்களும் உள்ளன என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். வெள்ளணுக்களில் ஒரு வகையினர் ‘டி அணுக்கள்’. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் பயிற்சி பெற்று வெளிவருவதால் இப்பெயர். கிருமி புகுந்த அணுவையும், இயல்பு மாறிய அணுவையும் தேடி அழிப்பது இவர்களின் பணி.

ஒவ்வொரு டி அணுவின் மேற்புறத்திலும் ஏற்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏற்பி என்பது ஒரு புரதம். அதன் ஒரு முனை வெளியே உள்ளதைத் தொட்டறியும். மறு முனை அச்செய்தியை அணுவின் உள்ளே அனுப்பும். பூட்டுக்கு ஏற்ற சாவி நுழைந்தால் மட்டும் தாழ் திறப்பதுபோல, தனக்குப் பொருந்திய வடிவம் வந்து தொட்டால் மட்டுமே ஏற்பி செய்தி அனுப்பும். ஓர் அணுவின் ஏற்பிக்குப் பொருந்துவது இன்னோர் அணுவின் ஏற்பிக்குப் பொருந்தாது. அதனால்தான் கோடிக்கணக்கான காவலருள் ஒவ்வொரு பகைவனையும் அடையாளம் காணத்தக்க சிலராவது இருக்கின்றனர். இந்த ஏற்பிக்குரிய மரபணுவை அமெரிக்காவில் மார்க் டேவிசும் கனடாவில் டாக் மாக்கும் தத்தம் குழுவினரோடு 1984இல் கண்டறிந்தனர்.

பகைவனை அடையாளம் கண்டால் போதுமா, காவலர் உடனே பாய்ந்துவிடுவாரா? இல்லை. அடையாளம் காண்பது குச்சி முனை மருந்து போன்றது. அது மட்டும் தீயை எழுப்பாது. டி அணுவின்மேல் சி.டி.28 என்னும் இரண்டாவது ஏற்பி ஒன்றுண்டு. ஆபத்து நேர்ந்த இடத்தில் காத்திருக்கும் வேறு சில வெள்ளணுக்கள், தம் மேற்புறத்தில் பி7 என்னும் புரதத்தை விரித்துக் காட்டும். சி.டி.28 அந்தப் பி7ஐத் தொட வேண்டும். இதுவே உரசு பட்டை. முதல் ஏற்பி "இவன் அயலான்" என்கிறது. இரண்டாவது ஏற்பி "ஆபத்தும் உண்டு" என்கிறது. இரண்டு சைகைகளும் சேர்ந்தால்தான் டி அணு விழித்தெழுந்து, பன்மடங்காகப் பெருகிப் போருக்குப் புறப்படும். முதற்சைகை மட்டும் வந்தால் அது எழாததோடு, சோர்ந்து செயலற்றும் போய்விடும்.

தடையும் காவலே

எழுந்த தீ எரிந்துகொண்டே இருக்கலாமா? அடுப்புத் தீயானாலும் வேலை முடிந்தபின் அவிக்கத்தானே வேண்டும்? டி அணு விழித்தெழுந்த சிறிது நேரத்தில் அதன் மேற்புறத்தில் சி.டி.எல்.ஏ.-4 என்னும் இன்னோர் ஏற்பி தோன்றுகிறது. அதுவும் பி7ஐயே பற்றுகிறது, சி.டி.28ஐக் காட்டிலும் இறுகப் பற்றுகிறது. உரசு பட்டையை ஒரு கை வந்து மூடிக்கொண்டால் குச்சியை எங்கே உரசுவது? புதிய தீ எழாது. பின்னும் பி.டி.-1 என்றொரு ஏற்பி உண்டு. உடலின் உறுப்புகளில் உள்ள அணுக்கள் பி.டி.-எல்1 என்னும் புரதத்தால் அதனைத் தொடும்போது, எரிந்துகொண்டிருக்கும் டி அணுவே தணிந்துவிடுகிறது. இது தீயின்மேல் போடும் ஈரச்சாக்கு.

இத்தடைகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சி.டி.எல்.ஏ.-4 ஏற்பி இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளை 1995இல் ஆராய்ந்தனர். அவற்றின் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, இதயம் முதலிய உறுப்புகளுக்குள் புகுந்து தாக்கின. சில வாரங்களிலேயே எலிகள் மாண்டன. கிருமி எதுவும் கொல்லவில்லை. சொந்தக் காவலே கொன்றது. மனிதரிலும் மூட்டுகளை முடக்கும் ஒருவகை வாதமும், சிறு வயதிலேயே வரும் ஒருவகை நீரிழிவும் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் வருபவை. எதிர்ப்பாற்றலை அடக்கி ஆள்வதற்கென்றே தனி வகை டி அணுக்கள் உள்ளன என்று காட்டிய ஜப்பானியர் சிமோன் சக்காகுச்சிக்கும், அமெரிக்கர் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகவே, "எதிர்ப்புச் சக்தியை ஏற்றுகிறோம்" என்று விற்கப்படும் பொருள்களைக் கண்டு மயங்காதீர்கள். சத்தான உணவும் உறக்கமும் நோயாளிக்கு அவசியம், அதில் ஐயமில்லை. ஆனால் புற்றுநோய் வளர்வது காவலருக்கு வலு இல்லாமையால் மட்டும் அன்று. பல புற்றுநோய்க் கட்டிகள் தம் மேற்புறத்தில் அதே பி.டி.-எல்1 புரதத்தை அணிந்துகொள்கின்றன. அடையாளம் கண்டு அருகில் வந்த டி அணுவிடம், "நான் இவ்வுடலைச் சேர்ந்தவன், தணிந்துபோ" என்று அவை சைகை காட்டுகின்றன. காவலரும் தணிந்துவிடுகிறார். உடலைக் காக்க அமைந்த தடையையே திருடன் தன் கேடயமாக்கிக்கொள்கிறான். வலிமையான காவலர் ஆயிரம்பேர் நின்றாலும், அவர்கள் கைகள் கட்டப்பட்டிருந்தால் பயன் என்ன?

கட்டை அவிழ்த்தவர்கள்

இதை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஆலிசன் என்னும் அமெரிக்கர். சிறுவனாயிருக்கும்போதே தம் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சி.டி.எல்.ஏ.-4 ஒரு தடை என்று தெரிந்ததும், தன் உடலைத் தாக்கும் நோய்களுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று பிறர் எண்ணினர். இவரோ அத்தடையை விலக்கினால் புற்றுநோயை வெல்லலாமா என்று எண்ணினார். அந்த ஏற்பியைப் போய் மூடிக்கொள்ளும் ‘எதிர்ப்பொருள்’ ஒன்றைப் புற்றுக்கட்டியுள்ள எலிகளுக்குச் செலுத்தினார். கட்டிகள் கரைந்தன. இது 1996இல் வெளியாயிற்று. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடத்தில் 1992இலேயே பி.டி.-1 கண்டறியப்பட்டிருந்தது. இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கையை அடையப் பல ஆண்டுகள் பிடித்தன. சி.டி.எல்.ஏ.-4ஐ மூடும் இப்பிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பி.டி.-1ஐ மூடும் நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் ஆகிய மருந்துகள் 2014இல் வந்தன. இவை புற்றணுவை நேரே கொல்லும் நஞ்சுகள் அல்ல. காவலரின் கைக்கட்டை அவிழ்த்துவிடுகின்றன, கொல்வது காவலரே.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரை நம்மில் பலர் அறிவர். 2015இல், தம் 90ஆம் வயதில், தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய் தம் மூளைவரை பரவியிருப்பதாக அவரே அறிவித்தார். அறுவையும் கதிர் மருத்துவமும் பெம்புரோலிசுமாபும் அவருக்கு அளிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் நோயின் அறிகுறி தெரியவில்லை என்றார். 2024 டிசம்பரில், 100 வயது நிறைந்தபின் மறைந்தார். பரவிய மெலனோமாவில் இவ்விருவகை மருந்துகளையும் சேர்த்துப் பெற்றோருள் 43 விழுக்காட்டினர் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்ததாக 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. முன்பு அந்நோய் பரவியவருள் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதை நினைத்தால் இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

எல்லாருக்கும் அன்று

ஆனால் இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மெலனோமா நம் நாட்டில் மிக அரிது. நம் ஊர்களில் மிகுதியாகக் காண்பது வாய், தொண்டைப் புற்றுநோய். புகையிலையும் வெற்றிலைப்பாக்கோடு சேரும் புகையிலைக் கலவையும் அதற்கு முதற்காரணங்கள். தலை, கழுத்துப் பகுதியில் முற்றிய புற்றுநோய்க்கு நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2016இல் வெளியாயிற்று. கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரே. ஓராண்டைக் கடந்தவர் பழைய மருந்தில் நூற்றுக்கு 17 பேருக்குக் குறைவு. புதிய மருந்தில் 36 பேர். பயன் உண்டு, ஆனால் எல்லாருக்கும் அன்று. காவலரே அணுகாத கட்டியில் கைக்கட்டை அவிழ்த்து ஆவது என்ன? வேறு தடைகளை அணிந்துள்ள கட்டியில் ஒரு தடையை மட்டும் நீக்கி ஆவது என்ன?

மேலும், தடையை விலக்கினால் தீ வேண்டாத இடத்திலும் பற்றலாம். சிலருக்குக் குடல் புண்பட்டுக் கடும் வயிற்றுப்போக்கு வரும். சிலருக்கு நுரையீரல் அழன்று மூச்சு வாங்கும். சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். தைராய்டு சுரப்பி செயல் குன்றும். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் சென்றபின்னும் இவை தோன்றக்கூடும். காலத்தில் அறிந்தால் ஸ்டீராய்டு மருந்துகளால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். ஆகவே இம்மருந்து பெற்றவர் வயிற்றுப்போக்குக்கென்று உள்ளூர் மருத்துவரிடம் போனாலும், "எனக்கு இன்ன ஊசி போடப்பட்டுள்ளது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இச்சிறு செய்தி உயிரைக் காக்கும்.

மும்பை மருத்துவர் எழுப்பிய வினா

இனி விலைக்கு வருவோம். நிவோலுமாபை வழக்கமாக 2 வாரத்திற்கு ஒரு முறை 240 மில்லிகிராம் செலுத்துவர். மாதக்கணக்கில் இது தொடரும். சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடிய செலவன்று இது. மும்பையில் 1941 முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்குமிருந்து ஏழைகள் வருகின்றனர். இத்தகைய மருந்து தேவைப்பட்டோருள் அதனைப் பெற முடிந்தவர் நூற்றுக்கு மூவருக்கு மேல் இல்லை என்று அம்மருத்துவர்களே எழுதினர். மீதிப்பேருக்கு என்ன செய்வது?

இங்கே ஏற்பியைப் பற்றிய அறிவு துணைக்கு வந்தது. ஏற்பிகள் எண்ணற்றவை அல்ல. பத்து நாற்காலிகள் உள்ள கூடத்திற்கு நூறு பேரை அழைத்தாலும் அமர்பவர் பதின்மரே. மருந்தின் அளவைப் பலவாறு மாற்றிப் பார்த்த தொடக்க ஆய்வுகளில், மிகக் குறைந்த அளவிலேயே டி அணுக்களின் பி.டி.-1 ஏற்பிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. அளவைப் பன்மடங்கு கூட்டியும் மூடப்பட்டவை அதற்கேற்பக் கூடவில்லை. மூடிய மருந்தும் எளிதில் அகலாமல் இரு மாதங்களுக்கு மேலும் பற்றிக்கொண்டிருந்தது. அப்படியானால் இவ்வளவு மருந்து எதற்கு என்ற வினா எழுவது இயல்புதானே?

விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் முதலிய டாட்டா மருத்துவர்கள் இவ்வினாவைச் சோதித்தனர். குணப்படுத்தும் நிலையைக் கடந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேர். அனைவருக்கும் விலை குறைந்த மூன்று வாய்வழி மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவர்களுள் பாதிப்பேருக்கு மட்டும், 3 வாரத்திற்கு ஒரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாபும் செலுத்தப்பட்டது. கணக்கிட்டுப் பாருங்கள்: 6 வாரத்தில் வழக்கமான அளவு 720 மில்லிகிராம், இவர்கள் கொடுத்தது 40. பதினெட்டில் ஒரு பங்கு! 2022ஆம் ஆண்டின் இறுதியில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர், ஊசி பெறாதவருள் 16.3 விழுக்காடு, பெற்றவருள் 43.4 விழுக்காடு. கடும் பக்கவிளைவுகளும் குறிப்பிடத்தக்கவாறு கூடவில்லை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இது முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வன்று. முழு அளவுக்கு இது நிகர் என்று இதைக் கொண்டு சொல்ல இயலாது. வேறு உறுப்புகளின் புற்றுநோய்க்கு இதே அளவு போதும் என்றும் முடிவு கட்ட இயலாது. நோய் முற்றிலும் நீங்கியது என்பதும் இதன் பொருளன்று. நடுவிலமைந்த நோயாளியின் வாழ்நாள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாக நீண்டது என்பதே கணக்கு. ஆயினும், ஒன்றும் பெற வழியில்லாதிருந்தவருக்கு ஏதேனும் ஒன்று கிடைக்க வழி திறந்தது. மகளின் திருமணத்தைக் கண்ணாரக் கண்டுவிட விழையும் ஒரு தகப்பனுக்கு மூன்று மாதம் என்பது என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

செய்து பொருத்திய ஏற்பி

தடையை நீக்குவது ஒரு வழி. காவலருக்குப் புதிய ஏற்பியையே செய்து பொருத்துவது மற்றொரு வழி. இதனைக் ‘கார்-டி’ சிகிச்சை என்பர். நோயாளியின் டி அணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் அவற்றுள் ஒரு புதிய மரபணுவைப் புகுத்திப் பெருக்கி, மீண்டும் அவருக்கே செலுத்துவர். இவ்வாறு பொருத்தப்படும் ஏற்பி, இரத்தப் புற்றுநோய் சிலவற்றில் காணும் சி.டி.19 என்னும் புரதத்தை அடையாளம் காணும். நாம் முன்பு கூறிய இரண்டு சைகைகளும் இந்த ஒரே ஏற்பியின் உள்முனையில் சேர்த்து அமைக்கப்பட்டுள்ளன. குச்சி மருந்தையும் பட்டை மருந்தையும் ஒரே முனையில் வைத்தாற்போல என்க. தொட்டவுடன் பற்றும்.

அப்படிப் பற்றினால் ஆபத்தும் உண்டு என்பதைத் தீப்பெட்டி ஊரார்க்குச் சொல்ல வேண்டுமா? 2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 6 வயதுச் சிறுமி எமிலி ஒயிட்ஹெட் இச்சிகிச்சையைப் பெற்றாள். காய்ச்சல் ஏறிப் பல நாள் உயிருக்குப் போராடினாள். மூட்டு வாதத்திற்குரிய மருந்தொன்று அத்தீயை அடக்கக்கூடும் என்று கருதிய மருத்துவர் கார்ல் ஜூன் குழுவினர் அதைக் கொடுத்ததும் காய்ச்சல் தணிந்தது, புற்றுநோயும் நீங்கியது. அவள் வளர்ந்து கல்லூரிக்கும் சென்றாள்.

நம் நாட்டிலும் இது கைகூடிற்று. மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவினரும் டாட்டா நினைவு மருத்துவமனையினரும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனை நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவில் பல கோடி ரூபாய் ஆகும் சிகிச்சை இங்கே அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய செலவில் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதுவும் பல இலட்சம். மேலும் இது குறிப்பிட்ட சில இரத்தப் புற்றுநோய்களுக்கே உரியது. வாய்ப் புற்றுக்கோ கருப்பைவாய்ப் புற்றுக்கோ இது மருந்தன்று.

குடும்பம் கேட்க வேண்டியவை

புதிய ஊசி என்ற பேச்சு எழுந்தால், பத்திரத்தை எடுக்கும் முன் மருத்துவரிடம் அமைதியாக நான்கு கேள்விகள் கேளுங்கள். முதலாவது: "இந்த மருந்துக்குரிய குறி எங்கள் நோயாளியின் கட்டியில் இருக்கிறதா? திசுச் சோதனை செய்தீர்களா?" சில புற்றுநோய்களில் பி.டி.-எல்1 அளவு முதலியவற்றைச் சோதித்தபின்னரே பயன் இருக்குமா என்று கணிக்க இயலும். ஏற்பிச் சோதனை எப்பொழுதும் விலை மிகுந்த மருந்துக்கே வழிவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். மார்பகப் புற்றில் ஈஸ்டிரோஜன் ஏற்பி உண்டென்று தெரிந்தால் கொடுக்கும் டமாக்சிபென் மாத்திரை மிக மலிவானது. எண்ணற்ற தாய்மாரைக் காத்தது. இரண்டாவது: "இதனால் குணமாகுமா, அல்லது வாழ்நாள் நீளுமா? நூற்றில் எத்தனை பேருக்கு?" மூன்றாவது: "என்ன பக்கவிளைவு வரலாம்? நள்ளிரவில் வந்தால் எங்கே செல்வது?" நான்காவது: "மொத்தச் செலவு எவ்வளவு? குறைந்த அளவு எங்கள் நோய்க்குச் சோதிக்கப்பட்டுள்ளதா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும்?" கேட்பது அவமதிப்பன்று. நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார்.

விடைகளைக் கேட்டபின், "இந்த மருந்தால் பயன் மிகக் குறைவு, குடும்பம் தாங்காது" என்று தெரிந்தால்? அன்பில்லாதவர் என்று ஊர் பேசுமோ, கடவுள் கேட்பாரோ என்று எத்தனை பிள்ளைகள் உள்ளுக்குள் வேகின்றனர்! திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாளக் கடமையுண்டு. தனக்கோ பிறர்க்கோ மிதமிஞ்சிய சுமையாகும் வழிகளுக்குக் கடமையில்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். 1980இல் திருச்சபை வெளியிட்ட அறிக்கையும் இதையே உறுதிப்படுத்தியது. வலியைத் தணிப்பதும், உடனிருந்து உணவூட்டுவதும், கைப்பிடித்து ஆறுதல் சொல்வதும் என்றும் நீங்காத கடமைகள். வீட்டை விற்காத பிள்ளை, அதனாலேயே அன்பற்ற பிள்ளை ஆகிவிடான். நோயாளி தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல இடம் கொடுங்கள். அவரைத் தவிர்த்து மற்றவரெல்லாம் கூடி முடிவெடுத்துவிடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. இந்த அரிய மருந்துகள் பெரும்பாலும் முற்றிய நோயை எதிர்த்துப் போராடவே பயன்படுகின்றன. முற்றும் முன் கண்டால், எளிய அறுவையாலும் கதிராலும் குணமாகும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்தது புற்றுநோய் என்று காலத்தில் அறியப்படவில்லை. 1923இல் அவர் இறந்தார். அத்துயரமே 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அங்கே ஓயாது வற்புறுத்தியதும், ‘காலத்தில் வாருங்கள்’ என்பதையே. இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், வாயில் வெண்திட்டு, மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் வரும் இரத்தப்போக்கு, காரணமின்றி நீளும் குரல் கம்மல் - இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் லேகியத்தில் நாளைக் கழிக்க வேண்டாம். விருதுநகரில் 2022 சனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலியும்தான் செலவு. இதை வாசித்து முடித்ததும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம், புகையிலை போடுவோரிடம் சிறப்பாக, வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புண் இருந்தால் நாளைக்கே புறப்படுங்கள்.